ஆவண அறையைக் காலி செய்த கணக்கு

2025 டிசம்பர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, உடுமலைப் பக்கம் உள்ள ஒரு காகித ஆலையில், கூழ்த் தொட்டியின் ஓரத்தில் நின்று, எங்கள் கம்பெனியின் 27 மூட்டைப் பழைய ஆவணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல் தண்ணீரில் விழுந்து கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டை கரைய நான்கு நிமிடம் ஆனது. இந்த வேலையைத் தொடங்கியது 2023 ஆகஸ்டில். இரண்டு முறை தவறாகச் செய்து, இரண்டிலும் பணமும் மானமும் போன பிறகு, மூன்றாவது முறைதான் ஒழுங்காக முடிந்தது. அந்த மூன்று முறைகளையும் நடந்த வரிசையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்ப்செட், வால்வு உதிரிபாகங்களைக் கடைசல் செய்து கொடுக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. தொழிலாளர்கள் 46 பேர். கணக்கு, நிர்வாகம் இரண்டையும் நான் பார்க்கிறேன். ஆவண அறை என்று நாங்கள் அழைத்தது, கேன்டீனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பத்துக்குப் பதினான்கு அடி இடம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒரு தாளையும் யாரும் எறிந்ததில்லை. ‘இருந்துட்டுப் போகட்டும், என்னைக்காவது கேப்பாங்க’ என்பதுதான் எங்களிடம் இருந்த ஒரே விதி. 2023 ஆகஸ்டில் உண்மையாகவே கேட்டார்கள். 2018-19 ஆம் ஆண்டின் உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டி, பிறகு கழித்துக்கொள்ளும் வரி) வேறுபாடு குறித்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. பதிலளிக்க 30 நாள் அவகாசம். உரிய கொள்முதல் பில்களைக் கண்டுபிடிக்க மட்டும் எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. கூரை ஒழுகியதில் கீழ் வரிசை மூட்டைகள் நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போலாகியிருந்தன. வடக்குச் சுவரோரம் கரையான் ஒரு பாக்ஸ் ஃபைலை முதுகு அட்டை மட்டும் மிஞ்சும்படி தின்றிருந்தது. எல்லாவற்றையும் வைத்திருப்பதும் எதையும் வைத்திராததும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அந்த ஒன்பது நாளில் விளங்கியது.

முதல் முறை: பழைய பேப்பர் கடை

நோட்டீஸுக்குப் பதில் போன கையோடு, ‘ஆறு வருஷத்துக்கு மேற்பட்டதெல்லாம் வேண்டாம்’ என்று முதலாளி சொன்னார். ஆறு வருடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. வியாபாரிகள் எல்லோரும் சொல்லும் கணக்கு அது. பில் தேதியை வைத்து ஆறு வருடம் எண்ணி, 2016-17 வரையிலான மூட்டைகளில் கைக்கு எட்டிய ஒன்பதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டோம். எடை 212 கிலோ. கிலோ 11 ரூபாய் வீதம் 2,332 ரூபாய் வந்தது.

பத்து நாள் கழித்து, மாலை டீ நேரத்தில், எங்கள் ஸ்டோர்கீப்பர் ஒரு வாழைக்காய் பஜ்ஜியைக் கையில் ஏந்தியபடி என் மேசைக்கு வந்தார். ‘ஏனுங்க சார், இது நம்ம சம்பளப் பட்டியலுங்களா?’ என்று எண்ணெய் ஊறிய தாளை நீட்டினார். 2014-15 ஆம் ஆண்டின் சம்பளப் பதிவேட்டிலிருந்து கிழிக்கப்பட்ட பக்கம் அது. பதினோரு பேருடைய பெயர், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு எண், பிடித்தம் எல்லாம் படிக்கும்படி தெளிவாக இருந்தன. அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் அப்போதும் எங்களிடம் வேலையில் இருந்தார்கள்; அவர்களில் ஒருவர் தினமும் அதே டீக்கடையில்தான் பஜ்ஜி வாங்குவார்.

உடனே கடைக்கு ஓடினோம். ஐந்து மூட்டைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. அவற்றின் எடை 118 கிலோ. எங்கள் அவசரம் புரிந்த கடைக்காரர் கிலோ 18 ரூபாய் என்றார். 2,124 ரூபாய் கொடுத்து எங்கள் பொருளையே திரும்ப வாங்கி வந்தோம். விற்றதில் மிஞ்சியது 208 ரூபாய்.

பஜ்ஜித் தாளைவிடப் பெரிய தவறு அதற்கடுத்த வாரம் தெரிந்தது. கம்பெனிகள் சட்டம், 2013இன் 128ஆம் பிரிவுப்படி, நடப்பு ஆண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்குரிய வவுச்சர்களும் இருந்தாக வேண்டும் என்று ஆடிட்டர் எடுத்துக் காட்டினார். 2023-24இல் நின்று எண்ணினால் அது 2015-16 வரை போகும். மீறினால் கணக்குக்குப் பொறுப்பான இயக்குநருக்கோ அலுவலருக்கோ 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பி வராத நான்கு மூட்டைகளில் எந்த ஆண்டு இருந்தது என்று அவர் கேட்டபோது எங்களால் சொல்ல முடியவில்லை. என்னென்ன போனது என்று ஒரு வரிகூட நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை. 2015-16 ஆம் ஆண்டின் சில கொள்முதல் பில்கள் அதில் போயிருக்க வேண்டும் என்று, மீதி இருந்ததை வைத்துப் பின்னர் ஊகித்தோம். அந்த ஊகத்தை அப்படியே ஒரு குறிப்பாக எழுதி, தேதியிட்டு, இயக்குநர் கையொப்பத்துடன் கோப்பில் வைக்கச் சொன்னார் ஆடிட்டர். அதுதான் எங்கள் அழிப்புப் பதிவேட்டின் முதல் பக்கம்.

இரண்டாம் முறை: தானாக அழியும் மின்னஞ்சல்

காகிதத்தில் சூடுபட்டதால், அடுத்ததாகக் கணினிப் பக்கம் திரும்பினேன். மின்னஞ்சல் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. கூடுதல் இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். 2024 பிப்ரவரியில், 12 மாதத்தைத் தாண்டிய கடிதங்கள் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் தானாக நீங்கும்படி நிர்வாகப் பக்கத்தில் ஒரு விதியைப் போட்டேன். ஐந்து நிமிட வேலை. இரண்டே வாரத்தில் இடப் பிரச்சினை தீர்ந்தது என்று பெருமைப்பட்டேன்.

அதே நேரத்தில், 6,84,000 ரூபாய் பாக்கி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். சரக்கு போனது 2022 ஜூலையில். மார்ச்சில் வக்கீல் நோட்டீஸும், பிறகு சிறு தொழில்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் எம்எஸ்எம்இ வசதியாக்க மன்றத்தில் மனுவும் போட்டோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 எங்களைப் போன்ற சிறு சப்ளையருக்கு நல்ல ஆயுதம்: வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். சரக்கில் குறை இருந்தால், அது போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

எதிர்த்தரப்பு, 12ஆம் நாளே நேரில் கொடுத்ததாக ஒரு குறைக் கடிதத்தின் நகலைத் தாக்கல் செய்தது. அப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வரவில்லை. அவர்களுடைய தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு 26ஆம் நாள் முதன்முறையாகக் குறையைப் பற்றி மின்னஞ்சல் அனுப்பியதும், அதில் ‘சோதனையில் இப்போதுதான் தெரிய வருகிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்ததும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஜூலை மாதம் அதைத் தேடியபோது பெட்டியில் இல்லை. கூகுள் ஒர்க்ஸ்பேஸில் நீக்கப்பட்ட கடிதம் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அங்கிருந்தும் போன பிறகு 25 நாள் வரை நிர்வாகி மீட்கலாம். ஆக 55 நாள். நான் விதியைப் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

வக்கீலிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. தகராறு வரும் என்று தெரிந்த பிறகு அதைச் சேர்ந்த ஆவணம் அழிந்தால், அது கைதவறி நடந்ததா, வேண்டுமென்றே நடந்ததா என்ற கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். தன்னிடம் இருக்கக்கூடிய சான்றை ஒருவர் காட்டாவிட்டால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இருக்கிறது. நீதிமன்றத்தில் காட்டவேண்டி வரும் என்று தெரிந்தே அதைத் தடுப்பதற்காக ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ அழிப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். எங்கள் விஷயத்தில் அழிந்தது எங்களுக்கே சாதகமான சான்று என்பதால் யாரும் எங்களைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அதே விதி அதே ஐந்து மாதத்தில் வேறு எதையெல்லாம் அழித்தது என்று எனக்கே தெரியாது.

இறுதியில் அசலில் 15 விழுக்காட்டைத் தள்ளி, வட்டியை முழுவதும் விட்டுக்கொடுத்துச் சமரசம் ஆனோம். அசலில் மட்டும் 1,02,600 ரூபாய் போயிற்று. மின்னஞ்சல் இடத்துக்கு மாதம் கட்டிக்கொண்டிருந்தது 1,500 ரூபாய்.

மூன்றாம் முறை

2024 அக்டோபரில் தொடங்கியபோது, எதையும் அழிக்காமல் முதல் நான்கு மாதம் எண்ணுவது மட்டுமே வேலை என்று முடிவு செய்தோம். கூரையை 8,600 ரூபாயில் மாற்றினோம். ஸ்லாட்டட் ஆங்கிள் அலமாரிகள் நான்கு, 22,400 ரூபாய்; தரையிலிருந்து கடைசித் தட்டு ஒன்பது அங்குல உயரத்தில், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்தினோம். கரையான் மண்கோடு போட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி.

பகுதிநேரமாக ஒரு பி.காம். மாணவரை அமர்த்தி, ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, என்ன வகை, எந்த ஆண்டு, எத்தனை அங்குலத் தடிமன் என்று எழுதச் சொன்னேன். முதலில் ஆண்டு வாரியாக அடுக்கினோம். ஒரு மாதம் வீணானது. ஒரே ஆண்டின் டீசல் பில்லுக்கும் இயந்திரக் கொள்முதல் பில்லுக்கும் ஆயுள் ஒன்றல்ல என்பது பாதி அலமாரி நிரம்பிய பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றையும் இறக்கி, வகை வாரியாகவும் அதற்குள் ஆண்டு வாரியாகவும் மாற்றி அடுக்கினோம். முதலில் 38 வகை எழுதினோம். கடைசியில் 17 ஆகச் சுருங்கியது.

ஆடிட்டரும் வக்கீலும் ஒரே மேசையில் அமர்ந்து இரண்டு பிற்பகல்கள் செலவிட்டதில்தான் பட்டியல் உருவானது. வக்கீல் கட்டணம் 15,000 ரூபாய், ஆடிட்டர் வாங்கவில்லை. நான் எதிர்பார்த்தது ‘இது எட்டு வருடம், அது மூன்று வருடம்’ என்ற இரண்டு பத்திப் பட்டியல். அவர்கள் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு பத்தியைச் சேர்த்தார்கள்: எந்த நாளிலிருந்து எண்ணுவது. முழு வேலையின் கஷ்டமும் அந்தப் பத்தியில்தான் இருந்தது.

ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு 72 மாதம் என்கிறது. ஆனால் அது பில் தேதியிலிருந்தும் அல்ல, நிதியாண்டு முடிவிலிருந்தும் அல்ல, அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து. 2018-19 ஆம் ஆண்டுக்கு அந்தக் கடைசி நாள் பலமுறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 31 ஆனது. ஆகவே 72 மாதம் முடிவது 2026 டிசம்பர் 31. அதாவது 2018 ஏப்ரலில் போட்ட ஒரு பில்லுக்கு நடைமுறையில் எட்டு வருடம் எட்டு மாதம் ஆயுள். நாங்கள் கம்பெனி என்பதால் எட்டு நிதியாண்டுக் கணக்கு இதையும் தாண்டி 2027 மார்ச் வரை கொண்டுபோகும். பங்குதாரர் நிறுவனமோ தனி உரிமையாளரோ என்றால் ஜிஎஸ்டி கணக்கை மட்டும் தவறவிட்டாலே போதும், மாட்டிக்கொள்வார்கள்.

ஒப்பந்தம், ஆர்டர், பாக்கி தொடர்பானவற்றுக்குக் காலவரையறைச் சட்டம், 1963இன் மூன்று ஆண்டு. ஆனால் அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் எதிர்த்தரப்பு பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். நாங்கள் மார்ச் மாதந்தோறும் வாங்கும் பாக்கி உறுதிக் கடிதம் இப்படி ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். இயந்திரக் கொள்முதல் பில்லுக்கு எண்ணிக்கை தொடங்குவது அந்த இயந்திரத்தை விற்ற ஆண்டிலிருந்து. 2009இல் வாங்கிய ஒரு விஎம்சி (கணினிவழி இயங்கும் வெட்டு இயந்திரம்) இன்றும் ஓடுகிறது, அதன் பில் பஜ்ஜிக்குப் போன மூட்டைகளுக்குப் பக்கத்து மூட்டையில் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நிர்வாகக் குழுக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, நில ஆவணம் ஆகியவை என்றைக்கும் வைத்திருக்க வேண்டியவை. அவற்றை அந்த அறையிலிருந்தே வெளியேற்றி, அலுவலகத்தின் இரும்பு பீரோவுக்கு மாற்றினோம்.

தொழிலாளர் ஆவணங்களில்தான் அதிகம் வாதிட்டோம். சம்பளப் பட்டுவாடாச் சட்டம் கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டு என்றது, ஆனால் பி.எஃப். சட்டத்தின் 7ஏ பிரிவில் நடக்கும் பாக்கி விசாரணைக்குக் காலவரம்பு எதுவும் இருக்கவில்லை. பணிக்கொடை கேட்டு வருபவர் பணிக்காலம் முழுவதற்கும் சான்று கேட்பார். எனவே சம்பளப் பதிவேட்டை ஸ்கேன் செய்து நீண்ட காலம் வைப்பது, அதோடு கிடக்கும் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புத்தக நகல், குடும்பப் புகைப்படம் ஆகியவற்றைப் பணி விலகிக் கணக்கு முடிந்த பின் அழிப்பது என்று பிரித்தோம். வேலைக்கு விண்ணப்பித்து நாங்கள் எடுத்துக்கொள்ளாதவர்களின் பயோடேட்டா மட்டும் மூன்று மூட்டை, 2008 முதல். இவர்களுக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை. அவர்கள் முகவரியும் பிறந்த தேதியும் எங்கள் கூரைக்கடியில் ஏன் கிடக்க வேண்டும்? எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கணினியில் உள்ளதற்கும் கணினியில் ஏற்றப்படுவதற்கும் பொருந்துவது. நோக்கம் முடிந்தால் தரவை அழிக்கவேண்டும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர, என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. காகிதத்துக்கும் அதே நியாயத்தை நாங்களாகவே பொருத்திக்கொண்டோம்.

சிவப்பு நாடா

பட்டியலைவிட முக்கியமானது அதை நிறுத்தி வைக்கும் வழி. மின்னஞ்சல் விவகாரத்தில் எங்களிடம் இல்லாமற்போனது இதுதான். வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் அனுப்பினாலும், அரசுத் துறைக் கடிதம் வந்தாலும், விபத்து நடந்தாலும், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நிராகரிக்கப்பட்டாலும், ஒருவரை வேலையை விட்டு நீக்கினாலும், அன்றே அதைச் சேர்ந்த பெட்டிகளைச் சுற்றிச் சிவப்புத் துணி நாடா கட்டி, முடிச்சில் ஒரு எண் அட்டை தொங்கவிட்டு, நிறுத்தப் பதிவேட்டில் எழுத வேண்டும். கணினியில் உள்ளதற்கு ‘நிறுத்தம்’ என்ற தனிக் கோப்புறை. தானாக அழியும் விதி எட்டாத இடம். நாடாவைக் கட்ட யாருக்கும் உரிமை உண்டு, ஸ்டோர்கீப்பருக்கும் உண்டு. அவிழ்க்க வக்கீலின் எழுத்துக் குறிப்பு வேண்டும். ஜிஎஸ்டி வழக்கு என்றால் இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் ஒரு வருடம் நாடா இருக்கும், அது சட்டத்திலேயே உள்ளது.

இந்த ஏற்பாடு 2025 ஜூனில் முதல்முறை பயன்பட்டது. முற்றத்தில் பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஒரு தொழிலாளியின் காலில் உரசியது. எலும்பு முறிவு இல்லை. அன்று மாலையே சூப்பர்வைசர் கேமரா பதிவை எடுத்து நிறுத்தக் கோப்புறையில் போட்டுவிட்டார். கேமரா பதிவைச் சேமிக்கும் எங்கள் டிவிஆர் கருவி 19 நாளில் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். அப்போது நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் கோரிக்கை வைக்க இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. 19 நாளை வைத்துக்கொண்டு இரண்டு வருடக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் இன்னும் முழுதாக வசப்படவில்லை. வரைபட மாற்றமும் நிராகரிப்புப் புகைப்படமும் ஷாப் ஃப்ளோர் குரூப்பில்தான் ஓடுகின்றன. ஒருவர் தன் வசதிக்காகத் தானாக மறையும் வசதியை 7 நாளுக்கு வைத்திருந்தார். குரூப் முழுவதும் அதுவே அமலானது. அதை அணைத்துவிட்டு, வாடிக்கையாளர் சொல்லும் எந்த மாற்றமும் அன்று மாலைக்குள் மின்னஞ்சலில் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று விதித்தோம். பத்தில் ஏழு முறை நடக்கிறது.

அழித்த விதம்

வீட்டு உபயோக அளவில் ஒரு காகிதம் வெட்டும் இயந்திரத்தை 13,800 ரூபாய்க்கு வாங்கியது தவறான கருவித் தேர்வு. ஒரு தடவைக்குப் பத்துத் தாள் விழுங்கும். பத்து நிமிடம் ஓடினால் சூடாகி 40 நிமிடம் படுத்துக்கொள்ளும். 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சுமார் 4.7 கிராம், கிலோவுக்கு ஏறக்குறைய 214 தாள். பத்து நிமிட ஓட்டத்தில் 600 தாள் என்றால், எட்டு மணி நேர நாளில் ஒன்பது ஓட்டம், 25 கிலோ. அழிக்கவேண்டியது 640 கிலோ. 26 வேலை நாள் ஒரு ஆள் அதன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், ஸ்டேப்ளர் பின் பிடுங்கும் நேரம் தனி. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். அது இப்போது அன்றாடம் சேரும் ஆதார் நகல்களை வெட்ட மட்டும் பயன்படுகிறது.

ஆலையில் கரைப்பதற்குப் பின் பிடுங்கத் தேவையில்லை, இரும்பு தொட்டியின் அடியில் தங்கிவிடும் என்றார்கள். பாக்ஸ் ஃபைல் கிளாம்பையும் பிளாஸ்டிக் கவரையும் மட்டும் எடுக்கச் சொன்னார்கள். 2016-17 வரையிலான, நாடா இல்லாத ஆவணங்கள் மட்டும் மூட்டைக்குள் போயின. ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரி மேல்முறையீட்டில் உள்ள 2012-13 ஆம் ஆண்டின் ஆறு பெட்டிகள் அலமாரியிலேயே நின்றன. 27 மூட்டைக்கும் எண் பொறித்த பிளாஸ்டிக் சீல் போட்டு, எண், வகை, ஆண்டு, எடை, எந்த விதியின்படி அழிக்கப்படுகிறது என்று பதிவேட்டில் எழுதி, நானும் ஒரு இயக்குநரும் கையொப்பமிட்டோம்.

எங்கள் டிஸ்பாட்ச் தராசில் மூட்டை மூட்டையாக நிறுத்த மொத்தம் 640 கிலோ. ஆலையின் எடைமேடையில் 630. பத்துக் கிலோ எங்கே போனது? சீல் எதுவும் உடையவில்லை. திரும்பி வந்து 20 கிலோ எடைக்கல்லை எங்கள் தராசில் வைத்தபோது 20.25 காட்டியது. அந்த விகிதத்தில் 640 என்பது 632. எடைமேடையோ பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். மனம் நிம்மதியானது, கூடவே, எத்தனை வருடமாக டிஸ்பாட்சில் தவறான எடையில் சரக்கு போகிறது என்ற புதிய கவலை வந்தது. அது வேறு கதை. வண்டி வாடகை 3,500 எங்கள் செலவு; ஆலை கிலோ 9 ரூபாய் வீதம் 5,670 ரூபாய் கொடுத்தது. எடைமேடைச் சீட்டு வெப்பத் தாளில் அச்சானது, அன்றே நகலெடுத்தேன். வெப்பத் தாள் பில்களின் கதி எங்களுக்குத் தெரியும்: பெட்ரோல் பங்க் சீட்டுகளில் பாதி, மூட்டையைப் பிரித்தபோது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. இப்போது அவை வரும் அன்றே 31,500 ரூபாய் ஸ்கேனருக்குள் போகின்றன.

கணினிப் பக்கம் பழைய ஹார்டு டிஸ்க் 11, டேலி கணக்கு மென்பொருளின் பேக்கப் பென்டிரைவ் 31. ஹார்டு டிஸ்க்குகளை எங்கள் ரேடியல் டிரில்லிங் மெஷினில் 10 மில்லிமீட்டர் டிரில் போட்டு மூன்று இடத்தில் துளைத்தோம். மேசைக் கணினி டிஸ்க் அலுமினியத் தகடு, வெண்ணெய் போல் இறங்கியது. லேப்டாப் டிஸ்க் ஒன்றில் தகடு கண்ணாடி. டிரில் தொட்டதும் பொடிப்பொடியாகச் சிதறியது. ஆபரேட்டர் கண்ணாடி அணிந்திருந்தார், நான் அணியவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம். தகடு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் துளை போதாது, சில்லுக்குப் பக்கத்தில் துளை விழுந்தால் தரவு அப்படியே இருக்கும். அவற்றைத் தயாரிப்பாளரின் அழிப்புக் கட்டளையால் துடைத்த பிறகே துளைத்தோம். நடப்பு டேலி தரவைத் தொடவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் (எப்போது எது திருத்தப்பட்டது என்ற பதிவு) அணைக்க முடியாதபடி இருந்தாக வேண்டும். அந்தத் தடமும் கணக்கோடு சேர்ந்து எட்டு ஆண்டு இருக்க வேண்டியது.

பகுதிநேர மாணவரின் சம்பளம் நீங்கலாக எல்லாச் செலவும் சேர்த்து 99,000 ரூபாய், பெட்டியும் சீலும் 4,200 உட்பட.

மறுபடியும் செய்வதென்றால், மூட்டையிலிருந்து தொடங்க மாட்டேன், இன்று மூடும் கோப்பிலிருந்து தொடங்குவேன். கோப்பை மூடும் நாளிலேயே அதன் முதுகில் அழிக்கும் மாதத்தை எழுதிவிட்டால் நான்கு மாதக் கணக்கெடுப்பு தேவைப்பட்டிருக்காது. 17 வகையும் அதிகம். ஸ்டோரில் இருப்பவர்களுக்கு ஆறு வகைதான் நினைவில் நிற்கிறது, மீதியை என்னிடம் கேட்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம்; ஆகவே அந்த இரண்டு வகைகளையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், வக்கீலும் ஆடிட்டரும் மறுபடி உட்காரும்வரை அவற்றில் எதுவும் அழியாது.

அடுத்த தவணை 2017-18. ஜிஎஸ்டி 72 மாதம் 2026 பிப்ரவரியில் முடிகிறது, எட்டு நிதியாண்டு 2026 மார்ச் 31இல் முடிகிறது. அலமாரியின் மூன்றாவது தட்டில் 14 பெட்டிகள் காத்திருக்கின்றன. மூன்றில் சிவப்பு நாடா. அதில் ஒன்றை ஸ்டோர்கீப்பர் கட்டியிருக்கிறார், காரணம் எழுதும் இடத்தில் ‘சார் கிட்ட கேக்கணும்’ என்று மட்டும் இருக்கிறது.